லென்ஸ் மூடி

தை 5, இரவு

நிலத்தை விற்கலாம் என்று தம்பி சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. இன்று அவன் சிங்கப்பூர் கிளம்பும்போது, என் கேமராவைச் சாக்காக வைத்து இருவரையும் சம்பா அறுத்த வயலில் சேர்ந்து நிற்க வைத்தேன். மலிவாக வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா, ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. தம்பி அப்பாவின் தோளில் கை போட்டான். அவர் தட்டிவிடவில்லை. அமுக்கினேன்.

அவன் திருச்சி பஸ் ஏறிய பிறகு பார்க்கிறேன், லென்ஸில் மூடி அப்படியே இருக்கிறது. இதில் கண் வைத்துப் பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு. மூடியிருந்தாலும் எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிந்தும் கோட்டைவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "சின்னவன் தோள்ல கை போட்டானே, அது படத்துல விழுந்திருக்குமாடா?"

"விழுந்திருக்கும்ப்பா."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.