கையெழுத்துக்கு முன்

ஓசூர்
20.6.2009

அன்புள்ள பொற்கொடி,

உன் நலத்தை நேற்றே நேரில் பார்த்துவிட்டேன். கம்பெனியின் மீட்டிங் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய். பத்து வருடம் பக்கத்து மேசையிலிருந்து "ஏய் வீரா" என்று கூப்பிட்டவள், நேற்று மேடம் என்றாய். நானும் மேடம் என்றேன். வேறு எப்படிக் கூப்பிட முடியும்? நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் ஆள். நீ இப்போது இந்தக் கம்பெனிக்காகப் பதில் சொல்ல வந்தவள்.

நம் அலுவலகத்தில் நீ விட்டுப்போன இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. ஜனவரியில் அந்தப் பெரிய கணக்கு மோசடி வெளியானதிலிருந்து, நாங்கள் தூங்கினோமா என்று பத்திரிகைகள் கேட்கின்றன. எல்லாக் கம்பெனிகளையும் தோண்டிப் பார் என்கிறார்கள். பார்க்க ஆள் இல்லை. ஆடிட்டர் முத்திரையை நம்பினால் ஏமாளி, நம்பாவிட்டால் தொழிலைக் கெடுக்கிறவள். நம் பிரிவு மூர்த்தி சாரும் உன்னைப் போலத் தனியார் வேலைக்குப் போகிறார். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அம்மாவின் டயாலிசிஸ் செலவு எனக்குத் தெரியாதா?

இங்கே கேண்டீனில் நான் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடுகிறது. சோதிக்க வந்தவள் கம்பெனி டீகூட வாங்கிக் குடிக்கக் கூடாதே, லாட்ஜிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுபோகிறேன். பெருக்குகிற செல்லியம்மா மட்டும் ஒரு நாள் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க எழுதிட்டா கம்பெனிய மூடிருவாங்களாம்மா? எம் பொண்ணு இப்பத்தான் இங்க லைன் வேலைல சேந்திருக்குது."

எழுதாவிட்டால் ஷேர் வாங்கியவர்கள் கதி என்ன என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியாதும்மா என்றேன். தெரியாமத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அறைக்குத் திரும்பினால் பக்கத்து அறை டிவியில் கன்னடம். வீட்டுக்குப் போன் செய்தாலும் சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன் என்பதைத் தவிர வேலை விஷயம் எதுவும் என் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. முன்பெல்லாம் உன்னிடம் சொல்வேன்.

திங்களன்று அறிக்கை கொடுக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எழுத மாட்டேன். இவ்வளவு எழுதுவதே தப்பு. கம்பெனி தரப்போகும் பதிலில் உன் கையெழுத்தும் இருக்கும் என்றார்கள். அதற்கு முன் கம்பெனியின் குந்தாரப்பள்ளி குடோனுக்கு நீயே ஒருமுறை போ. யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. கணக்கில் காட்டிய சரக்குப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே, பொற்கொடி. ஒன்றை உன் கையால் தூக்கிப் பார்.

அதன் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
வீரலட்சுமி