பராஸ்காவுக்கு முதல் விள்ளல்

கிழக்குக் கரை
(ஊர்ப் பெயரை எழுதினால் தணிக்கையில் வெட்டிவிடுவார்கள்)
10 டிசம்பர் 1942

மதிப்புக்குரிய ரோமன்யுக் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் ஒஸ்தாப் இருக்கும் விமானப்படை நிலையத்தில் புறாக் கூண்டைப் பார்த்துக்கொள்பவள் நான். பயப்படாதீர்கள், அவர் நலம். இது அவர் மேல் ஒரு புகார்க் கடிதம், அவ்வளவுதான். உங்கள் மகள் ஸ்டெஃபா ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்வாள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்களுடையவை கடலிலேயே இறங்கி மிதக்கும் விமானங்கள். கப்பல்களுக்குக் காவலாகக் காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பும். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியில் இரண்டு புறாக்கள் போகும். ஒயர்லெஸ் கெட்டு எங்காவது இறங்க நேர்ந்தால், இடத்தைச் சீட்டில் எழுதி, புறாவின் காலில் உள்ள சின்னக் குழலில் அடைத்துப் பறக்கவிடுவார்கள். புறா நம் மேல் உள்ள பாசத்தில் திரும்பி வருவதில்லை, அம்மா. கூண்டில் மக்காச்சோளம் இருக்கிறது என்றுதான் வருகிறது. அதனால் பறக்கும் நாளில் அதற்குத் தீனி கிடையாது. கல்நெஞ்சக்காரி என்று இங்கே எனக்குப் பெயர்.

உங்கள் மகன் ஒயர்லெஸ்காரர், புறாப் பெட்டி அவர் காலடியில்தான் இருக்கும். நீங்கள் அனுப்பும் கசகசா ரொட்டியைத் தனக்கு ஒரு விள்ளல், புறாவுக்கு ஒரு விள்ளல் என்று பங்கு போடுகிறார். போன வாரம் பழக்குவதற்காகக் கடல் மேல் திறந்துவிட்ட சாம்பல் நிறப் பெட்டைப் புறா பொழுது சாயும்வரை வரவில்லை. வந்ததும் கூண்டுக்கு இல்லை. சமையலறைப் புகைபோக்கி மேல் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தது, மார்பெல்லாம் தேனும் கசகசாவும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க. அது என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கு, எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்றார்.

எங்கள் புறாக்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. அவர் இதற்குப் பராஸ்கா என்று பெயரும் வைத்துவிட்டார். உங்கள் நாத்தனார் பெயராமே? நடை அத்தையேதானாம். அந்த அம்மாள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார், தாய் சொன்னால் கேட்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் எட்டுப் பேர் உயிர் அந்தப் புறாவின் பசியில் தொங்கக்கூடும்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல. கடல் தெறித்து விமானத்தின் வயிற்றில் உறைந்துவிடுகிறது. காலையில் மரச் சுத்தியலால் தட்டி உதிர்த்த பிறகுதான் புறப்பாடு. உங்கள் சஸ்காச்சுவான் குளிர் இதைவிடக் கொடியது என்று அவர் பெருமை பேசுகிறார். அது காய்ந்த குளிர், இது நனைந்த குளிர் என்று நானும் விட்டுக்கொடுப்பதில்லை. சனிக்கிழமை வேகவைத்த அவரைக்கொட்டை, மற்ற நாளெல்லாம் உப்பு மீன். நான் லூனன்பர்க் மீனவர் வீட்டுப் பெண், எனக்குக் குறையில்லை. கோதுமை வயலில் வளர்ந்த உங்கள் மகன்தான் மீனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கையுறையோடு ஒயர்லெஸ் விசையைத் தட்டிச் செய்தி அனுப்ப வராது என்று அதைக் கழற்றிக் கழற்றி எங்கேயாவது போட்டுவிடுகிறார். இரண்டு தடவை நான் எடுத்துக் கொடுத்தேன். இதையும் கண்டித்து எழுதுங்கள்.

இப்படிக்கு, மரியாதையுடன்,
மெர்னா ஸ்விக்கர்,
புறாக் கூண்டுப் பொறுப்பு


கிழக்குக் கரை
12 ஜனவரி 1943

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒஸ்தாப் உயிரோடு இருக்கிறான். இரண்டு தந்திகளும் இதற்குள் வந்திருக்கும். காணவில்லை என்ற முதல் தந்தியை அடுப்பில் போடுங்கள். அவன் கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் அவன் சொல்ல நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. "நல்லா இருக்கேன்னு எழுது, போதும்" என்கிறான். ஒரு தாய்க்கு அது எப்படிப் போதும்? மீதியை நானே எழுதுகிறேன்.

ஆறாம் தேதி காலையில் போனார்கள். நடுப்பகலில் ஒயர்லெஸ் பாதிச் செய்தியில் நின்றுவிட்டது. வெளிச்சம் உள்ளவரை தேடினார்கள், மறுநாள் விடிந்ததும் தேடினார்கள். குரல் நின்ற இடத்தில் வெறும் அலைதான். விழுந்து மூழ்கியிருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கூண்டைக் கழுவினேன், தண்ணீர் மாற்றினேன், கழுவிய இடத்தையே மறுபடி கழுவினேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை, அம்மா.

மதியம் பராஸ்கா வந்து இறங்கினாள். காலில் குழல் இருந்தது, அதன் மூடி இல்லை. உள்ளே சீட்டும் இல்லை, பனிக்கட்டி அடைத்திருந்தது. விழும்போது அவசரத்தில் யாரோ புறாவைத் தூக்கி எறிந்திருப்பார்கள், சீட்டு எழுத நேரமில்லாமல் போயிருக்கும் என்று எனக்கே தோன்றியது.

அப்புறம்தான் அவள் மார்பைப் பார்த்தேன். தேனும் கசகசாவும் இறகில் காய்ந்து ஒட்டியிருந்தன.

என் புகாருக்கு நீங்கள் ஸ்டெஃபாவைக் கொண்டு எழுதிய பதில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இனிமேல் பறவைக்குத் தீனி கொடுக்கமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு விலக்கு, ஜனவரி ஆறு, உங்கள் சபையின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, தெரிந்த பிறகும் முதல் விள்ளல் ஆடுமாடுகளுக்கு, அப்புறம்தான் மனிதர்களுக்கு, "அதை மட்டும் தடுக்காதே மகளே" என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது சிரித்தேன்.

நட்சத்திரம் தெரிவது சாயங்காலம். அவர்கள் குரல் நின்றது நடுப்பகல். அப்படியானால் சாயங்காலம் அவன் எங்கோ உட்கார்ந்து, மடியில் புறாவை வைத்து ரொட்டி ஊட்டியிருக்கிறான். விமானம் மூழ்கவில்லை, மிதக்கிறது.

பராஸ்காவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். டன்ஃபி என்ற எங்கள் அதிகாரி, சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் வரைபடத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். "வாக்கு குடுத்தா காப்பாத்துற ஆளாம்மா அவன்?" என்று ஒன்றுதான் கேட்டார். அவன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஐயா என்றேன். மிதக்கிறது என்றால் காற்றோடு போயிருக்கும் என்று சொல்லிப் பென்சிலைத் தென்கிழக்காக இழுத்து, இருந்த இரண்டு விமானங்களையும் அந்தப் பக்கம் அனுப்பினார். இந்தக் கடிதத்தைத் தணிக்கைக்காகப் படித்துப் பார்த்து உறையை ஒட்டப்போவதும் அவர்தான். வணக்கம், ஐயா. இதில் எதையும் வெட்டிவிடாதீர்கள்.

இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள். விமானத்தை இழுத்து வரும் வழியில் அது மூழ்கிப்போயிற்று, போகட்டும். இயந்திரம் கெட்டுக் கடலில் இறங்கும்போது அடித்தகடு கிழிந்து, ஒயர்லெஸ் நனைந்து, இரவெல்லாம் தண்ணீரை மொண்டு ஊற்றினார்களாம். இவன் கையுறையைக் கழற்றிவிட்டு ஓட்டையைக் கம்பளித் துணியால் அடைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தானாம். "மேகத்துல ஒரு கிழிசல், அதுல ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுது. அது போதும்னு ரொட்டிய எடுத்தேன். பராஸ்கா முதல்ல, அப்புறம் நாங்க" என்றான். விடிந்ததும் சீட்டு எழுதியிருக்கிறான். "வெரல் இருக்குதான்னே தெரியல, மூடி திருகினேனா இல்லையான்னு எப்படித் தெரியும்? திட்டாதே" என்றான். திட்டத்தான் போயிருந்தேன். அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கூடப் போன இன்னொரு புறா வரவில்லை. கூண்டில் அதன் இடத்தை இன்னும் எதற்கும் கொடுக்கவில்லை.

வலது கையில் இரண்டு விரல்கள் பிழைக்குமா என்று இந்த வாரக் கடைசியில்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மற்ற எட்டும் பத்திரம். ஒயர்லெஸ் விசைக்கு முன்னால் மறுபடி உட்கார முடியுமா என்பது அவனுக்குப் பெரிய கவலை. எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. இதை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கரண்டி பிடிக்க முடியாததால் சூப்பை நான்தான் ஊட்டுகிறேன். உப்பு மீன் சூப், முகத்தைத் திருப்ப வழியில்லாமல் குடிக்கிறான். பறக்கப்போவதற்குத் தீனி கொடுக்கக் கூடாது என்பது என் கூண்டின் சட்டம். இவன் இப்போதைக்கு எங்கும் பறக்கப்போவதில்லை.

கசகசா ரொட்டி வேண்டும் என்று கேட்கிறான். பார்சல் வந்து சேர நாளாகும். அதை எப்படிச் செய்வது என்று ஸ்டெஃபாவிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்லுங்கள், அம்மா. இந்த ஒரு தடவைக்காக மட்டும் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் விடாமல், நிதானமாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையால் செய்ததுபோல வராது, இருந்தாலும் கற்றுக்கொள்கிறேன்.

அவனுடைய விரல்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது என் பெயரையும் ஓர் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மெர்னா