பொட்டு வைத்த போல்ட்

வியாழன். விட்டு விட்டு மழை.

இல்லை, அத்தையின் வேன் சாகவில்லை. ஒரு போல்ட் முறிந்தது, அவ்வளவுதான். எஞ்சினின் முன்பக்கம், தண்ணீர் ஒழுகிய மூடியைக் கழற்றும்போது. குருண் டவுன் வொர்க்‌ஷாப்பில் சேகர் அண்ணன் ஸ்பேனரை லேசாகத்தான் அழுத்தினார். டக். தலை கையோடு வந்துவிட்டது. உடல் உள்ளே.

துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பாதிதான் துரு. பாதி குங்குமம் லா."

அத்தையின் வேலை. என் வீட்டுக்காரர் பிரகாஷின் அம்மா. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியின் முகத்தில் பொட்டு வைப்பார்கள். அத்தை போனட்டைத் திறந்து இந்த போல்ட்டுக்கு வைப்பார். பார்க்க நெற்றி மாதிரி இருக்கிறதாம். பிறகு அதன் மேல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். வருடா வருடம்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சொல்றேன்? அவங்க நிறுத்திட்டா அப்புறம் எனக்கு யாரு வேல குடுப்பா?"

சிரித்தேன். வீடு வரும்வரை சிரிப்பு தங்கவில்லை.

மாலை, பினாங்கிலிருந்து பிரகாஷ் போன். "வேனப் பழைய இரும்புக்குப் போட்டுடு லா. அம்மா இனிமே வீட்ல உக்காரட்டும்."

மாமா இறந்த பிறகு ஓட்டப் பழகியவர் அத்தை. முறுக்கு டின்களோடு யான், செமிலிங் என்று எல்லாப் பாசார் மாலாமும், எல்லா இரவுச் சந்தையும். வேனுக்குள் மட்டும்தான் பாடுவார். வீட்டில் ஒரு வரிகூட இல்லை.

வேனில் ஒரு போல்ட் முறிந்தது என்று மட்டும் அத்தையிடம் சொன்னேன். "எந்த போல்ட்டுமா?" என்று கேட்டார்.

"பின்னால ஏதோ ஒண்ணு, அத்தை."

கடையில் வாங்க வேண்டியவை: எலுமிச்சை, சாம்பிராணி, சோப்புத் தூள்.

வெள்ளி. வெயில்.

முறிந்த துண்டுக்கு ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறல். காலையில் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங். முதல் நட்டு பிய்ந்து வந்தது. இன்னொன்று. இதுவும் போனால் துளை போட வேண்டும். துளை கோணினால் மறை போய்விடும். இந்த எஞ்சினுக்கு வேறு மூடியும் கிடைக்காது. அப்புறம் இரும்புக்கடைதான்.

சூடாக இருக்கும்போதே சேகர் அண்ணன் நட்டை ஸ்பேனரால் பிடித்தார். முதலில் கொஞ்சம் முறுக்கினார். பிறகு எதிர்ப்பக்கம். மறுபடி முறுக்கினார். அவசரமே இல்லை. தூங்குகிறவர் கையிலிருந்து எதையோ எடுப்பதுபோல்.

வந்தது. கீச்சென்று ஒரு சத்தம். நான் ஏன் அழுதேன்?

சனி. ஆயுத பூஜை. காலை மந்தாரம்.

துணி துவைக்க எடுத்த அத்தை, என் ஜீன்ஸ் பையில் உடைந்த தலையைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரத்தில் மஞ்சள் இன்னும் இருந்தது. உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"நாந்தான் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் கொன்னுட்டேனா?"

"கொல்லல அத்தை. சளி பிடிச்சிருச்சு, அவ்வளவுதான்."

முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "பொய் சொல்ற மூஞ்சியப் பாரு. பின்னால ஏதோ ஒண்ணாம்!"

பூஜைக்குச் சொம்பு வரவில்லை. சந்தனக் கிண்ணம் மட்டும். புது போல்ட்டின் முன் விரல் அப்படியே நின்றது. வைக்கலாமா என்று என்னைப் பார்த்தார். வேன் அவருடையது. கேள்வி என்னிடம்.

கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து போல்ட் தலையில் தடிமனாகப் பூசினேன்.

"இனிமே துரு ஏறாது. இப்ப வைங்க."

"வழுக்குதுடி."

போனட்டைத் தாங்கும் கம்பி ஒருநாளும் சரியாக நிற்காது. அத்தை பொட்டு வைத்து முடிக்கும்வரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.