நான்கு சக்கரமும் ஓர் அளவுப் பிழையும்

ஜூன் 4, புதன்

டயர் கடைக்காரர் முன் சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டுக் காட்டினார். அலாய் வீலில் விரல் நீளத்துக்கு விரிசல். பின் சக்கரம் வேறு நெளிந்திருக்கிறது. "இத ஒட்டவெச்சு ஓட்டாதீங்க சார், வேற போட்டுருங்க" என்றார். இப்போதைக்கு ஸ்டெப்னி மாட்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பத்தில் நடைபாதைக் கல்லில் ஏற்றிவிட்டாள் என் மனைவி. லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்தான். யாருக்கும் அடியில்லை. அதோடு போயிருக்கும். அவளுடைய அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தையல் மிஷின மிதிக்கிற மாதிரி மிதிச்சிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன். அன்று சாவியை என் மேஜையில் வைத்தவள் பிறகு தொடவே இல்லை.

ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து தையல் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலை. பதினெட்டு வருடம் வீட்டு முன்னறையிலேயே தைத்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. இருபத்திரண்டு கிலோமீட்டர், நேர் பேருந்து கிடையாது. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டால், "வேற யாராவது போகட்டும்ங்க" என்கிறாள்.

சக்கரத்தை மாற்றினால் மனசு மாறுமா? தெரியவில்லை. கண்ணெதிரே அந்த விரிசல் கிடந்தால் நிச்சயம் மாறாது.

ஜூன் 6, வெள்ளி

இதே மாதிரி அலாய் இப்போது வருவதில்லையாம். நாலு கடையில் கேட்டாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

இரும்புச் சக்கரம்தான் மலிவு. வேண்டாம். இரண்டு அலாய், இரண்டு இரும்பு என்றால் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ. தெருவில் போகிறவரெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். புது அலாய் நாலு வாங்குகிற விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ஸ்கூட்டர் வாங்கலாம். ஆகவே பழசு.

பழைய அலாய் விற்கிற கடைக்குப் பேருந்தில் போனேன். கடைக்காரர் அதிகம் பேசாதவர். அளவு கேட்டார். கழற்றிப்போட்ட சக்கரத்தை நான் காலையிலேயே அளந்து குறித்திருந்தேன்: பதினாலு அங்குலம், நாலு போல்ட் ஓட்டை, எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே நூற்றுப் பதினாலு மில்லிமீட்டர்.

"எதுக்கும் வண்டியக் கொண்டாந்துருங்க சார்."

"நான் சர்வேயர்ங்க. என் அளவு தப்பாது."

"சரி சார்" என்றார். அந்த 'சரி'யில் ஏதோ இருந்தது. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 11, புதன்

தப்பிவிட்டது.

சக்கரங்கள் வேனில் வந்து இறங்கின. பளபளவென்றிருந்தன. ஜாக்கி போட்டு முதல் போல்ட்டை மாட்டினேன், போனது. எதிர்ப் பக்கத்துப் போல்ட்டுக்கு ஓட்டையே நேரில் வரவில்லை. திருப்பி மாட்டினேன், தட்டினேன், வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். தையல் மிஷின் சத்தம் நின்றது. கழுத்தில் இன்ச் டேப்போடு வந்து நின்றாள்.

"எங்கேருந்து எங்க அளந்தீங்க?"

"இந்த ஓட்டையோட வெளி ஓரத்துலேருந்து அந்த ஓட்டையோட வெளி ஓரம்."

"பட்டனுக்கு அப்படியா அளப்போம்? நடுவுலேருந்து நடு. ஓட்டையையும் சேத்து அளந்தா சட்டை கோணிக்காது?"

உட்கார்ந்து பழைய சக்கரத்தில் டேப்பை வைத்தாள். சரியாகப் பத்து சென்டிமீட்டர். நூறு. நான் ஓட்டையின் அகலத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறேன். வேறு வண்டிகளுக்கு நூற்றுப் பதினாலு என்றே ஓர் அளவு உண்மையில் இருக்கிறது, அதுதான் என்னைக் கவிழ்த்தது. இல்லாத அளவாக இருந்தால் கடைக்காரரே தடுத்திருப்பார்.

"ஊருக்கே எல்லைக்கல் நடுறவரு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதற்காக இன்னொரு தடவை தப்பாக அளக்கலாம் போலிருந்தது.

ஜூன் 12, வியாழன்

திருப்பி எடுத்துக்குவாரா மாட்டாரா? வண்டியக் கொண்டான்னு அன்னிக்கே சொன்னாரே மனுஷன். கேட்டேனா நான்? சர்வேயராம் சர்வேயர்.

ஜூன் 14, சனி

எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை, பெரிய மனிதர்.

அவளும் வந்தாள். என் அளவில் நம்பிக்கை போய்விட்டதாம். வண்டியை நான்தான் ஓட்டினேன். கடையில் நான் வாயே திறக்கவில்லை, திறக்க இடம் கிடைத்தால்தானே. முதலில் மாட்டிப் பார்த்த ஜோடி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. "தோள் எறங்கின சட்டை மாதிரி இருக்கு, வேண்டாம்" என்றாள். அடுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு சாதுவான செட். அளவு நூறு. நடு ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிசு, அதற்கு ஒரு வளையம் போட்டு இறுக்கமாக்கினார் கடைக்காரர். நாலையும் மெஷினில் சுற்றவிடச் சொன்னாள். மூன்றாவது லேசாக ஆடியது. நான் கவனிக்கவில்லை, அவள் கண்டுபிடித்து மாற்றச் சொன்னாள்.

"அம்மா மெக்கானிக்குங்களா?"

"டெய்லர்."

மாட்டி முடித்ததும் கடைக்காரர், "ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஓட்டிப் பாருங்க, எங்கயாவது உரசுதான்னு" என்று சாவியை நீட்டினார். அவளிடம். அத்தனை கேள்வியும் கேட்டவள் அவள்தானே, வேறு யாரிடம் நீட்டுவார்? அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏறினாள். கடை முற்றத்தில் இடமாக ஒரு வட்டம், வலமாக ஒரு வட்டம். கண்ணாடியை இறக்கி, "ஒரசல" என்றாள். பிறகு, "ஏறுங்க, மணியாச்சு." வீடு வரைக்கும் அவளே ஓட்டினாள். சிரிப்பு தெரியாமலிருக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்குச் சம்மதக் கடிதம் எழுதி, பிழை பார்க்கச் சொன்னாள். பிழை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மச்சான் வந்தார். "சக்கரம் ஜோரா இருக்கே மாப்பிள்ளை, நீங்க தேடினதா?"

"நான் தேடினது வண்டியில ஏறல. இது உங்க தங்கச்சி பாத்தது" என்றேன். அவர் போகும்போது பேருந்து நிறுத்தம் வரை அவளையே கொண்டுவிடச் சொல்லி ஏறிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள்.

ஜூலை 3, வியாழன்

வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது நாள். வாசலில் வண்டி நின்றதும் உள்ளே வந்து பையை வைத்தாள். "பின் சக்கரத்துல ஒரு கீறல். பள்ளிக்கூட கேட்டுகிட்ட, நான்தான். போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. என்ன சொல்லித் தேற்றலாம் என்று இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டு உள்ளே வந்தேன். அவளோ கைகால் கழுவிவிட்டு, இன்று ஒரு மாணவி ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்த கதையை ஆரம்பித்திருந்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் வாக்கியங்கள் செலவாகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலை எட்டுக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு எட்டே காலுக்குப் பேருந்து.