துரை இன்னும் வாய் வைக்கவில்லை

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நீ நலமா? உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? புது வேலையில் நின்றே இருக்க வேண்டும் என்றாயே, முதலில் அந்தச் செருப்பை மாற்று. சொல்ல வந்ததைப் போனில் சொல்லியிருப்பேன். உன் அத்தை காதில் விழாமல் இந்த வீட்டில் எதையும் பேச முடியாது. அதனால் பஸ் டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

துரை விஷயம்தான். முயலுக்குத் துரை என்று நம் பையன் பெயர் வைத்தபோது நீ சிரித்தாய். பெயர் பொருத்தம்தான். கேரட்டின் தழை வேண்டும், கேரட் வேண்டாம். கொத்தமல்லி என்றால் தண்டு மட்டும். முட்டைக்கோஸைக் கண்டால் பின்னங்காலால் தரையில் ஓர் உதை. எனக்குக்கூட இந்த வீட்டில் இத்தனை உபசாரம் நடந்ததில்லை. மில்லிலிருந்து வந்ததும் மரத்தூள் சட்டையோடு உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாக ஊட்டி, அவன்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்தான்.

மில்லில் அந்த மரம் சரிந்து அவனைக் கொண்டுபோன பிறகு அது எதிலும் சரியாக வாய் வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ கிளம்பிய அன்று உன் அத்தை அவனுடைய துவைக்காத வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூண்டருகே உட்கார்ந்தாள். என்ன கூத்து இது என்று வாய் வரை வந்தது. துரை வந்து அவள் முழங்கையை முகர்ந்தது. தண்டை வாங்கித் தின்றது. அதன் பிறகு அவளும் தட்டில் கை வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம், முதலில் துரை, பிறகு அவள். குளிக்கும்போது மட்டும் சட்டை நாற்காலியில் தொங்கும்.

நாலு நாளைக்கு முன் அப்படித் தொங்கியதை மாடிவீட்டம்மா பார்த்துவிட்டாள். அழுக்குச் சட்டையோடு திரிகிறாளே பாவம் என்று, நல்லெண்ணத்தில், சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டாள். யாரைத் திட்டுவது? உன் அத்தை கத்தவில்லை. ஈரச் சட்டையை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

துரை மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால்நடை டாக்டர், "முயலுக்கு ஒரு நாள் வயிறு காஞ்சாலே குடல் நின்னுடும் பெரியவரே" என்று சொல்லி, கூழைக் கரைத்து சிரிஞ்சில் புகட்டச் சொன்னார். புகட்டுகிறேன். பாதி என் சட்டையில்தான், இருந்தாலும் உயிர் ஓடுகிறது. உன் அத்தை அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது தானா தின்னாத்தான் தின்னது. வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கும்போது எனக்கு எப்படிங்க எறங்கும்?" என்கிறாள். டீயில்தான் நாள் ஓடுகிறது. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மில்லுக்கே போனேன். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன்தான். ஒரு பை மரத்தூள் வாங்கி வந்து என் பழைய சட்டையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். துரை முகர்ந்தது, திரும்பிப் போய்விட்டது. மரம் அதே மரம்தான், அவன் வேர்வை அதில் ஏது?

பீரோவில் அவனுடைய துவைக்காத சட்டை இரண்டு இருந்தன. இன்னொன்று நீ கிளம்பும்போது உன் பெட்டிக்குள் போனதைப் பார்த்தேன். பார்க்காதவன் போல வண்டி பிடிக்க வெளியே போனேன். உன் புருஷன் சட்டை, அது உன் பங்கு. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத மனசு வரவில்லை. அவள் போட்டால் அதுவும் எத்தனை நாள் மணக்கும்? பிறகு உனக்கு என்ன மிஞ்சும்?

சட்டை வேண்டாம். நீ வா, இந்த ஞாயிற்றுக்கிழமையே. துரைக்கு உன் கையும் பழக்கம்தானே. அது தின்னாவிட்டாலும், நீ ஊட்டினால் உன் அத்தை ஒரு வாயாவது வாங்குவாள். என் பேச்சை அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் கேட்காதே அம்மா, அந்தச் சட்டையைத் துவைத்துவிடாதே.

உன் மாமா