ரெபோலாவில் என் பேச்சு

ஜனவரி 9

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது வாய் தவறிவிட்டது. பக்கத்து வீட்டு சலோமேயிடம் பூபி மொழியில் பேசிவிட்டேன். எங்கள் ஊர் உரேக்காப் பூபியில். அவள் கைதட்டிச் சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லு! அடியே, எல்லாரும் வாங்க, தெற்கத்திக்காரி பாடுறா!"

"பூபிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று கல்யாணத்துக்கு முன்பு அனாக்லெத்தோ சொன்னார். தலைநகர் மலாபோவில் விடுதிப் பள்ளியில் ஸ்பானிஷிலேயே வளர்ந்தவருக்கு என்ன தெரியும்? வடக்கே இந்த ரெபோலாவில் ஒரு பூபி, தென்மேற்கே பதேத்தேயில் ஒன்று, தெற்குக் கரையில் எங்களுடையது. ஒரே தீவுதான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் எட்டும்.

அதனால் மாமியார் பெனிக்னாவும் நானும் ஸ்பானிஷில் பேசிக்கொள்கிறோம். உப்பு போதுமா. கதவைச் சாத்து. அவ்வளவுதான். அனாக்லெத்தோ கடல் தாண்டி வலென்சியாவில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். "கோடையில உன்னைக் கூட்டிக்கறேன் எலாடியா." எந்தக் கோடை?

ஜனவரி 30

இன்று வாய் திறந்தது கோழியை விரட்ட மட்டும்தான். அதுவும் உரேக்காப் பேச்சில். கோழிக்குப் புரிந்தது.

பிப்ரவரி 17

அத்தை மலங்காக் கிழங்குத் தோட்டத்தில் விழுந்துவிட்டார். மலாபோ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்பானிஷில் கேட்கக் கேட்க அத்தை பூபியில் என்னவோ கொட்டினார். "தலைக்குள்ள ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. சில பேருக்கு முதல்ல பேசின பாஷை மட்டும் தங்கும். மத்தது திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க பூபிதானே? அவங்க என்ன சொல்றாங்க?"

நான் பூபிதான். தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 26

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையிலிருந்து அத்தை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் கொண்டுபோனேன். போர்வை. சட்டி. ஒவ்வொன்றையும் நல்ல கையால் தள்ளிவிட்டு அழுதார். சலோமே வந்தாள். "அடி பாவி, ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்க. மூஞ்சில வெயில் அடிக்குதாம்."

ஜன்னல்! எங்கள் ஊரில் அதற்கு வேறு சொல். வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். சலோமே பின்னாலேயே வந்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

மார்ச் 21

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. சில சொற்கள் எங்களுடையதேதான், வால் மட்டும் வேறு. சிலதில் ராகம் வேறு. சிலது முழுக்க அந்நியம். அதெல்லாம் அத்தையிடம் திட்டு வாங்கித்தான் வருகிறது.

இன்று முதல்முறையாகப் பூபியில் சண்டை போட்டோம். கஞ்சி ஆறிப்போச்சாம். "பேசுறதப் பாரு, மழையில ஊறின துணி மாதிரி" என்றார். "உங்க ஊர்ல மட்டும் என்ன? எல்லாரும் மீன் முள்ளைத் துப்புற மாதிரி பேசுறீங்க" என்றேன். பாதி வாயால் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மே 8

அனாக்லெத்தோ கூப்பிட்டார். எனக்கு விசா வந்துவிட்டது.

தன் அம்மாவை மலாபோவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் விடலாமாம். "அங்க யாரு அத்தைகூடப் பேசுவா?" என்றேன். "பேசறதுக்கு என்ன இருக்கு? வேளைக்குச் சாப்பாடு, மருந்து. அது போதாதா?"

போனை அத்தை காதில் வைத்தேன். வெகுநேரம் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "என் பையன் குரல்தான். என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

என்ன சொல்வது? நல்லா இருக்கீங்களான்னு கேக்குறார் என்றேன்.

இத்தனை வருஷம் காத்திருந்தேன். போகக் கூடாதா? எனக்கும் ஆசை இருக்காதா?

மே 15

இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான கட்டில்கள். டிவியில் ஸ்பானிஷ் நாடகம். மூலையில் ஒரு கிழவி, பதேத்தேக்காரி. "இவங்க ரொம்ப அமைதி. தொந்தரவே கிடையாது" என்றாள் அங்கிருந்த சிஸ்டர், அன்பாகத்தான். நான் குனிந்து என் பூபியில் வணக்கம் சொன்னேன். அவ்வளவுதான். கிழவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள் — பாதிகூட எனக்கு எட்டவில்லை. எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு என்று கேட்டது மட்டும் புரிந்தது. விரல்களைச் சிஸ்டர்தான் பிரித்துவிட்டாள்.

"இவங்க பேசுவாங்கன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

மே 18

அனாக்லெத்தோவிடம் சொல்லிவிட்டேன். "நான் வரல. நீங்க வாங்க."

"அங்க வந்து என்ன பண்றது? உனக்கென்ன பைத்தியமா?" அப்புறம், "சரி, அங்கயே கெட."

ஜூன் 12

ஞாயிறு. போன் வரவில்லை. போன வாரமும் வரவில்லை.

ஜூலை 3

மத்தியானம் முழுக்க மழை. சலோமேகூட எட்டிப் பார்க்கவில்லை. அத்தைக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது, "உன் ஊர்ப் பேச்சுல ஏதாவது சொல்லேன்" என்றார். கிண்டலாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

கடலாமைகள் எங்கள் கரையேறி மணலைத் தோண்டுவதைச் சொன்னேன். என் அப்பா போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொன்னேன். அனாக்லெத்தோவைப் பற்றியும் சொன்னேன், விசாவைப் பற்றியும், எல்லாவற்றையும்.

"புரியுதா அத்தை?" என்று ரெபோலாப் பேச்சில் கேட்டேன்.

"இல்ல" என்றார். "நீ சொல்லு."