பாலில் வெந்த வால் துண்டு

சென்ற புதன்கிழமை மீன் சந்தையில் பாரை வாங்க வரிசையில் நின்றபோது அந்த வாசனை வந்தது. விறகுப் புகையும் உப்பும் கலந்த வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் செம்மஞ்சள் சாயமிட்ட புகைமீன் பாளங்கள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. "உது மீனில்லை ஐசே, பெயின்ற்" என்பீர்கள். என் முறை வந்தும் நான் சிரித்துக்கொண்டே நின்றதில், பின்னால் நின்ற பெண்மணி என்னைத் தாண்டிப் போய்விட்டார். பாரையும் முடிந்துவிட்டது. ஏன் வெறுங்கையோடு வந்தேன் என்று வீட்டில் சரியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

பென்டில் ஹில்லில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும், புலம்பெயர்ந்த தமிழ் முதியோர் கூட்டத்தில் என் பக்கத்துக் கதிரை உங்களுடையது. நீங்கள் இளவயதில் மூன்று வருஷம் ஸ்கொட்லாந்தில் தங்கி எந்திரவியல் படித்தவர். நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்து எண் போட்டவன். நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

2010 ஆம் ஆண்டு ஒரு செவ்வாய், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "திங்கட்கிழமை தொண்டைப் புற்றுக்குக் கதிர் பிடிக்கத் தொடங்குறாங்கள். ருசி போயிடுமாம். திரும்பி வரலாம், வராமலும் விடலாமாம்." அதே மூச்சில், "அதுக்கு முன்னம் ஒருக்கா பினன் ஹடி தின்னவேணும்" என்றீர்கள்.

அது என்னவென்று கேட்டேன். ஹடொக் என்ற மீனைப் பிளந்து, இலேசாக உப்பிட்டு, சூடு படாத புகையில் தொங்கவிட்டு எடுப்பது. ஸ்கொட்லாந்தில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரக் கிழவி வெள்ளிக்கிழமைகளில் பாலில் வேகவைத்து, மிளகு தூவி, வெண்ணெய் போட்டுத் தருவாளாம். "பினன் எண்டது ஊர். ஹடி எண்டது மீனுக்கு அவங்கள் வைச்ச செல்லப்பேர்" என்றீர்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு, "செல்லப்பேரை ஆரும் மொழிபெயர்ப்பினமோ?" என்று முறைத்தீர்கள்.

உங்கள் சொல்லை நான் கேட்கவில்லை. அன்று மாலையே என் குறிப்புப் புத்தகத்தில் 'புகைக் கருவாடு' என்று எழுதிக்கொண்டேன். வகை தெரியாத எதையும் அப்படியே விட எனக்கு வராது.

கடைக்காரரிடம் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் தொலைபேசி எடுப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான்காவது கடையில் கிடைத்தது. சாயமில்லாதது, வைக்கோல் நிறம், ஒரே ஒரு மீன். சனிக்கிழமை வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தேன். "புகைக் கருவாடு. நாளைக்கு அண்ணைக்குக் கொண்டு போகவேணும்" என்றேன். எங்கள் வீட்டில் அண்ணை என்றால் நீங்கள்தான். ஞாயிறு காலை நான் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது தெருவரை புளியும் உள்ளியும் மணத்தன.

கருவாட்டை என்ன செய்வார்களோ அதைத்தான் அவள் செய்திருந்தாள். சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவி, ஊறவைத்து, கத்தரிக்காயோடு குழம்பு வைத்திருந்தாள். புகை எல்லாம் குசினித் தொட்டியோடு போய்விட்டது.

"பாலில வைக்கிற மீனப்பா இது" என்றேன்.

"கருவாடு எண்டுதானே தந்தனீங்கள்?"

"ஓம்."

"பிறகென்ன? மீனைப் பாலில ஆர் வைக்கிறது? அண்ணை பாவம், வருத்தக்காரன் எண்டு நான் உறைப்பையும் குறைச்சனான்."

பிழை அவளுடையதல்ல. வகைபிரித்தவன் நான். அடுத்த மீனுக்கு ஒரு கிழமை ஆகும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். உங்களுக்கு இருந்ததோ அந்த ஒரு பின்னேரம். கதிரையில் இருந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். "வால் துண்டு சட்டிக்குள்ள கொள்ளேல்லை. உது காணுமோ?" உள்ளங்கையளவு இருந்தது.

டூங்கபியில் எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு ரயிலில் ஒரே ஒரு ஸ்ரேசன்தான். ஆனால் மடியில் குழம்புச் சட்டியோடு அது நீண்ட பயணம். எதிரே இருந்தவர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார். மன்னிப்புக் கேட்க மூன்று வசனம் தயார் செய்திருந்தேன். இரண்டாவது வசனத்திலேயே நீங்கள் மூடியைத் திறந்துவிட்டீர்கள்.

"ஐசே, அந்தக் கிழவி இருந்து இதைக் கண்டிருந்தா என்னை மட்டுமில்லை, உம்மையும் வெளியில விட்டுக் கதவைச் சாத்தியிருப்பா." சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. உங்கள் மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தார்.

வால் துண்டை நீங்களே சமைத்தீர்கள். பத்து நிமிஷம், சிறு நெருப்பு. பிறகு அதைச் சரிபாதியாக வெட்டி ஒன்றை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தீர்கள். வேண்டாமென்றேன். "தனிய திண்டா சாட்சி ஆர்?" என்றீர்கள்.

முதலில் பால், பிறகு உப்பு, கடைசியில் எங்கோ தொலைவில் புகை. நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டீர்கள். கேட்கலாமா என்று யோசித்து யோசித்து, "அதே ருசிதானோ?" என்று கேட்டேன்.

"ஓம், அதேதான்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த நாளில பசியும் இருந்தது" என்றீர்கள். பிறகு கோப்பையை நீட்டி, "சரி, இப்ப தங்கச்சியின்ரை குழம்பைப் போடும்." சோறு இரண்டு தரம் கேட்டு வாங்கினீர்கள்.

கதிர் பிடித்ததில் ருசி போய்விட்டது. இரண்டு வருஷத்தில் இனிப்பு மட்டும்தான் கொஞ்சம் திரும்பி வந்தது. கூட்டத்துக்கும் உங்களால் வர முடியவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு என்ன சாப்பாடு, சொல்லும்" என்பீர்கள். நான் கறிகளை வரிசைப்படி சொல்வேன். "பட்டியல் வேண்டாம். நல்லாயிருந்ததோ?" பரவாயில்லை என்பேன். "பரவாயில்லை எண்டா எனக்கு ஒண்டும் விளங்காது. உம்முடைய வாயாலதான் நான் சாப்பிடுறன்." அதன் பிறகு நான் கவனித்துச் சாப்பிடத் தொடங்கினேன். என் வயதில் ஒருவன் அதைப் பழகினான் என்றால் யார் நம்புவார்கள். மனைவிகூட, "இப்பதான் வாய் திறந்து ஒண்டு சொல்லுறீங்கள்" என்கிறாள்.

நீங்கள் போனபின் செவ்வாய்க்கிழமைகளில் தொலைபேசி வருவதில்லை. ஆனாலும் கை கழுவ எழும்பும் முன் அன்றைய சாப்பாட்டை உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன். நேற்று முருங்கைக்காய்க் கறி. இளங்காய், பால் கொஞ்சம் தடிப்பு, உப்பு ஒரு கல் கூட. நன்றாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.